நாற்பதாவது ஆள்

ஆடு முதல் பக்கத்தைத் தின்று முடித்து இரண்டாம் பக்கத்தில் வாயை வைத்தபோதுதான் மதலேனாள் கண் விழித்தாள்.

"ஐயையோ! என் ஃபாரம்!"

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு மலை ஏறிக்கொண்டிருந்த ஜீப் சடக்கென்று நின்றது. பின்னால் பதினாலு பேர். முன்சீட்டில் அவள். அவள் காலடியில் அந்தப் பாழாய்ப்போன ஆடு. வெளியே சாரல்...

"யாரு ஆடு இது?"

"என்னுதுதாங்க," என்றான் டிரைவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "இன்னா பேப்பருங்க அது? உப்பு கிப்பு தடவி வெச்சிருந்தீங்களா?"

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் திரும்பினாள். அங்கேதான் வம்பு. சாரலில் நனைந்த இமைகள்... அதற்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்... சீ, என்ன இது! ஆராய்ச்சிக்கு வந்த பெண் பார்க்கிற பார்வையா இது? வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எண்பத்தாறாம் வருஷம், ஆவணி மாசம். மதலேனாள் சென்னையில் மனோதத்துவம் படிப்பவள். அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்து, சாராயத்துக்கும் கஞ்சாவுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டு மலைக்குத் திரும்பியவர்கள் நாற்பது பேர். ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் அவர்களுக்காகக் கூட்டம் நடக்கும். யார் விடாமல் வருகிறார்கள், யார் பாதியில் நின்றார்கள், வந்தவர்கள் உண்மையிலேயே தேறினார்களா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிப்போக வேண்டும். நாற்பதில் ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன், இன்னொரு வருஷம் உட்கார்ந்து படி என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். இன்னொரு வருஷமா? அதற்குள் அப்பா மாப்பிள்ளை பார்த்துப் பந்தக்கால் நட்டுவிடுவாரே!

மலையில் பஸ் கிடையாது. இருந்த ஒரே ஜீப் ஆட்டுக்காரனுடையது. எல்லோரும் ராசு என்று கூப்பிடுகிற அவனையே வாடகைக்கு அமர்த்த வேண்டியதாயிற்று.

"ஆடு தின்ன பேப்பருக்கு ஈடா முதல் நாள் சும்மா ஓட்டுறேங்க டீச்சரம்மா."

"நான் டீச்சர் இல்லை."

"கேள்வி கேக்குறீங்க, நோட்டுல எழுதுறீங்க, முறைக்கிறீங்க. அப்புறம் யாராம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, மழைக்குக் காட்டிச் சிரித்தாள்.

முதல் நாலு வீடுகளில் ராசு பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் கேட்ட கேள்விகளைக் காதில் வாங்கிக்கொண்டான். இது சரியில்லை என்று அப்புறம் அவனை ஜீப்போடு நிறுத்தினாள். பட்டியலில் கடைசியாக, சந்தியாகப்பன் என்று ஒரு பெயர் இருந்தது. யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"அவனா?" ராசு ஸ்டியரிங்கைத் துடைத்தபடி சொன்னான். "அவன் இருக்கானோ இல்லையோ... கடைசியா பாத்துக்கலாம் விடுங்க."

மூன்று வாரம் ஓடியது. முப்பது ஃபாரம் நிறைந்தது. அத்தனை பேரும் சுத்தம்! ஒரு சொட்டு இல்லை, ஒரு இழுப்பு இல்லை. உலகத்தில் எங்கேயும் நடக்காத அதிசயம் என் ஆராய்ச்சியில் நடந்துவிட்டதே என்று மதலேனாள் பூரித்துப்போனாள்... கோபால்சாமி வீட்டுக்குப் போகும் வரைக்கும்.

கோபால்சாமி கயிற்றுக் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலிலேயே வாடை ஆளைத் தள்ளியது.

"கடைசி முப்பது நாள்ல எத்தனை நாள் குடிச்சீங்க?"

"ஒரு நாளும் இல்லீங்கம்மா. வியாழக்கிழமை தவறாம போறேன். வூட்ல சண்ட இல்ல. ராத்திரி நல்லா தூங்குறேன்."

"இருங்க, இருங்க... தூக்கத்தைப் பத்தி நான் இன்னும் கேக்கவே இல்லையே?"

கோபால்சாமி திருதிருவென்று விழித்தார். "அடுத்தது அதானேம்மா? டிரைவரு சொல்லிக் குடுத்த வரிசை அப்பிடித்தான்..."

அவர் மனைவி திரௌபதி தலையில் அடித்துக்கொண்டாள். "மானத்த வாங்குனியே! டீச்சரம்மா, நீங்க பாஸாகணும்னு ராசு வூடு வூடா வந்து சொல்லிட்டுப் போச்சும்மா. இந்த ஆளுக்கு மட்டும் நாலு தரம் சொல்லுச்சு."

மதலேனாளுக்குக் காது மடல் வரை சிவந்தது. விறுவிறுவென்று ஜீப்புக்குப் போனாள்.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

ராசுவின் முகம் சுண்டிப்போனது. "எல்லாரும் தேறிட்டாங்கன்னா உங்களுக்கு நல்ல மார்க் வரும்னு..."

"நானா பரீட்சை எழுதுறேன்? அவங்க எப்படி இருக்காங்களோ அதுதாங்க எனக்கு வேணும்! முப்பதும் பொய்! மூணு வாரம் போச்சு... உங்க ஜீப்பும் வேணாம், உதவியும் வேணாம்!"

கொட்டுகிற மழையில் நடந்தே போனாள். பின்னாலேயே ஜீப் ஊர்ந்து வந்தது. திரும்பிப் பார்த்தாளா? பார்க்கவே இல்லை. அழுகிற மூஞ்சியை அவனிடம் காட்டுவதா?

மூன்று நாள் நடந்தாள். கால் வீங்கியதுதான் மிச்சம். உண்மையைச் சொன்னால் மறுபடியும் ஒரு மாசம் படுக்கவைத்துவிடுவார்கள் என்று பயந்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இந்த நேரத்தில் அந்த ஆட்டுக்காரன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைவு வேறு போனது. வெட்கங்கெட்ட மனசு!

நாலாம் நாள் காலையில், அவள் தங்கியிருந்த நர்ஸ் சகுந்தலா வீட்டு வாசலில் ஜீப் ஹாரன் விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால்... ஜீப்புக்குள்ளும் மேலேயும் பின்னால் தொங்கிக்கொண்டும் ஆட்கள். பாதிப் பேர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"ரெண்டு நடை அடிச்சிட்டேன். முப்பத்தொன்பது பேரும் இருக்காங்க," என்றான் ராசு. அவளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "யாரையும் திரும்பப் படுக்க வெக்க மாட்டாங்க. உள்ளதச் சொல்லுங்க. நான் மொதல்ல சொல்றேன். பொங்கலுக்கு ரெண்டு நாள் குடிச்சேன். வெக்கமாத்தான் இருந்திச்சு. ஆனா வியாழக்கிழமை போய் அதையும் சொன்னேன். அதுக்கப்புறம் தொடல."

அவன் சட்டைப் பையிலிருந்து மடங்கிக் கசங்கிய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினான். அதில் ஞானஸ்நானப் பெயர் இருந்தது. சந்தியாகப்பன்.

வீட்டில் வைத்த பெயர்தான் ராசுவாம். சந்தியாகப்பன் என்ற பெயர் கோயில் பதிவிலும் ஆஸ்பத்திரிப் பதிவிலும் மட்டும்தான்.

அன்று பொழுது சாயும்வரை எழுதினாள், ஒவ்வொருவரையும் தனியாக உள்ளே கூப்பிட்டு. பதினாறு பேர் மறுபடி குடித்திருந்தார்கள். தவறி விழுந்தும் வெட்கப்படாமல் வியாழக்கிழமைக்கு வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வெட்கப்பட்டு வராமல் நின்றவர்கள் அப்படியே மூழ்கினார்கள். எது உங்களை வரவைத்தது என்ற கேள்விக்கு மட்டும் ஏறக்குறைய எல்லோரும் சொன்னது ஒரே பதில்தான். இந்த முறை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"ராசு வாசல்ல வந்து ஹாரன் அடிச்சிக்கினே இருக்கும்மா. போவாட்டி நிறுத்தாது."

கடைசியாக அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ஏன் முதல்லயே சொல்லலை?"

"முன்சீட்டுல உக்காந்து என்னப் பாத்துச் சிரிக்கிற பொண்ணுகிட்ட, நானும் அந்தப் பட்டியல்லதான் இருக்கேன்னு சொல்ல வாய் வரலீங்க."

"மழையைப் பார்த்துத்தான் சிரிச்சேன்."

"கண்ணாடில தெரிஞ்சிச்சுங்க."

அவள் அவசரமாகக் கேள்விக்குத் தாவினாள். "திரும்பக் குடிக்காம இருக்கீங்களே... அது யாருக்காக?"

"வியாழக்கிழமை போறது எனக்காகங்க. அதுல வேற யாரையும் சேக்க மாட்டேன்." அவன் தலையைச் சொறிந்தான். கண்கள் மெல்ல அவள் கண்களுக்கு ஏறின. "காலையில ஷேவ் பண்றதுதான்... மூணு வாரமா உங்களுக்காக."

மதலேனாள் பேனாவை மூடினாள். அவனுடைய ஃபாரத்தை மட்டும் அடுக்கிலிருந்து உருவித் தனியாக வைத்தாள்.

"இது செல்லாது."

ராசு பதறி எழுந்தான். "ஐயோ, இன்னிக்கு ஒரு பொய் கூட சொல்லலீங்க! ஒண்ணு கொறஞ்சா கையெழுத்துப் போட மாட்டாங்கன்னு சொன்னீங்களே... ஒரு வருஷம் போய்டுங்க!"

"போகட்டும். நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்தான். கோளாறு என்கிட்ட இருக்கு." அவளுக்குக் குரல் இறங்கிப்போனது. "கேக்கறவளுக்கும் பதில் சொல்றவருக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாது. அப்படி இருந்தா அந்த ஆளைச் சேர்க்கறது தப்பு. முப்பத்தொன்பதுன்னே எழுதிக் காரணமும் எழுதி அனுப்பப்போறேன்."

"இன்னான்னு எழுதுவீங்க?"

வெளியே மழை விட்டிருந்தது. சொல்லிவிடு பெண்ணே என்று மனசு பிடரியைப் பிடித்துத் தள்ளியது...

"நாற்பதாவது ஆளை... எனக்குப் பிடிச்சுப் போச்சுன்னு."