அந்தந்த வீட்டுச் செய்தி

அடுப்பில் பால் பொங்கி வரும் நேரத்துக்குச் சமையலறைச் சுவரில் பதித்திருந்த 'சொல்லி' என்ற செய்திப்பெட்டி பேச ஆரம்பித்தது.

"காலை வணக்கம் ஜெசிந்தா. உங்கள் தெருவில் புதிதாக யாருக்கும் நீலக்காய்ச்சல் இல்லை. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போகலாம். பாலத்துக்கு அப்பால் மட்டும் போக வேண்டாம், நோய் அங்கேதான் இருக்கிறது. யாருக்காவது நகம் நீலமாகத் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்."

பேசியது ஜெசிந்தாவின் குரல்தான். தன் குரலைத் தானே கேட்டபடி காப்பி கலப்பது அவளுக்குப் பழகிவிட்டது. கருங்கழி நகராட்சியின் செய்தி அலுவலர் அவள். சொல்லியைக் கொண்டுவந்தபோது, ஊருக்குத் தெரிந்த குரலாக இருக்கட்டும் என்று அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பல நாட்கள் எதையெதையோ வாசிக்கச் சொன்னார்கள். அதன்பிறகு அவள் வாசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அந்தக் குரலை வைத்து எந்த வீட்டுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை 'பொருத்தி' பார்த்துக்கொண்டது.

பொருத்தி என்பது நகராட்சி நிறுவியிருந்த செயற்கை அறிவு. முன்பு வந்த கொள்ளைநோயின்போது, ஊரை மூடப் போகிறார்கள் என்று யாரோ கைப்பேசியில் ஒரு பொய்யைப் பரப்ப, ஜனம் மொத்தமும் பாலத்துக்கு ஓடியது. அன்று நோயில் செத்தவர்களைவிட நெரிசலில் செத்தவர்கள் அதிகம். ஜெசிந்தாவின் கணவன் லியோனும் அதில் ஒருவன். கையில் மருந்துப் பையோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவனை ஓடிவந்த கூட்டம் கைப்பிடிச் சுவரோடு நசுக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் தொற்றுக்காலச் செய்திச் சட்டம் வந்தது. ஊர் முழுக்க ஒரே செய்தியைக் கொட்டக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீடு தாங்கக்கூடிய செய்தி மட்டுமே போக வேண்டும். தன் வீட்டுச் சொல்லி சொன்னதை இன்னொரு வீட்டாரிடம் சொல்வது அயற்செய்திக் குற்றம். சட்டத்தை ஆதரித்து ஒவ்வொரு கூட்டத்திலும் பேசியவள் ஜெசிந்தா. புருஷனைப் பறிகொடுத்தவள் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

இப்போது நீலக்காய்ச்சல் வந்து சில வாரங்கள் ஆகியும் ஊர் அமைதியாக இருந்தது. கடைகள் திறந்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெயிலைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டார்கள். மீன் சந்தையில் பெண்கள், "நீங்க சொன்னீங்கன்னா சரிதான்க்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். என்ன சொன்னேன் என்று அவளும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது.

காப்பியை வாயில் வைக்கும்போது தங்கை பிலோமி அழைத்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், உப்புக் காலனியில் இருப்பவள். புருஷன் கப்பலில் வேலைக்குப் போய்விட, மகள் ரோஸ்லினோடு தனியாக இருந்தாள்.

"அக்கா, நீ நல்லாருக்கியா? உன்னை நெனச்சாத்தான் பயமா இருக்கு. டவுனுக்குள்ள அவ்வளவு காய்ச்சலாமே. இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. ரோஸ்லின் விரல்தான் உப்புத் தண்ணிக்கு லேசா நீலம் பாரிச்சிருக்கு. தேங்கா எண்ணெய் தேய்ச்சா போயிரும்னு நீதான..."

இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தாள், போகவில்லை.

ஜெசிந்தா காப்பியை அப்படியே வைத்தாள். பிறகு அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

பாலத்தில் இருந்த காவலர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மேடம், நீங்களே அந்தப் பக்கம் போவக் கூடாதுன்னு சொல்லிட்டு..." என்று தயங்கினார். அவள் அட்டையைக் காட்டினாள். கம்பி உயர்ந்தது.

காலனியில் முதலில் அவள் கண்ணில் பட்டது அமைதிதான். வாசல்களைப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்கள். துணிகள் கொடியில் ஆடின. தெருமுனையில் சில பிள்ளைகள் கோலிக்குண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். குண்டைச் சுண்டிய ஒரு பையனின் விரல் நுனி நாவல் பழத்தைத் தின்ற மாதிரி இருந்தது. அவள் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்குவதற்குள் இன்னொரு பிள்ளையின் கையையும் பார்த்துவிட்டாள்.

பிலோமி கதவைத் திறந்து, "அக்கா!" என்று கட்டிக்கொள்ள வந்தாள். ஜெசிந்தா அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரோஸ்லின் பாயில் படுத்திருந்தாள். மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. எண்ணெய் பளபளத்த பத்து விரல்களிலும் நகங்கள் கருநீலமாக இருந்தன.

"ஏளா, இது எப்போலேருந்து?"

"ரெண்டு மூணு நாளா. நீதான் பயப்பட வேண்டாம்னு சொன்னே."

"நான் எப்போளா சொன்னேன்?"

பிலோமி ஒன்றும் புரியாமல் சுவரைக் காட்டினாள். யாரோ கேட்டுக்கொண்டிருந்ததுபோல் சொல்லி மெல்லக் கனைத்துவிட்டுப் பேசியது. "பிலோமி, ரோஸ்லினுக்கு நகம் நீலமாவது உப்புக்காற்றால்தான். இந்தப் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். எண்ணெய் தேய்த்துத் தூங்க வையுங்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நெருக்கியடிக்கிறார்கள், அங்கே போனால்தான் ஆபத்து." அவ்வளவு கனிவு. லியோன் இருந்த காலத்தில் அவளுக்கே இருந்த கனிவு அது.

ஜெசிந்தா வாசலுக்கு வந்து நகராட்சி ஆணையர் மோகனசுந்தரத்தை அழைத்தாள். நல்ல மனிதர், ஒருவரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"சார், உப்புக் காலனியில நிக்கிறேன். பிள்ளைங்களுக்கெல்லாம் நகம் நீலமா இருக்கு. வண்டி அனுப்புங்க."

"காலனியிலயா? இருக்காதேம்மா. என் மேசைத் திரையில காலனி மொத்தமும் பச்சையா இருக்கே. ஒரு கேஸ்கூட இல்ல."

"சார், நான் கண்ணால பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்படின்னா திரையில வந்திருக்குமே."

அவள் சட்டென்று நின்றாள். "அந்தத் திரைக்குச் செய்தி எங்கேருந்து சார் வருது?"

"பொருத்தியிலிருந்துதான்." அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது.

"பீதி கூடாது, ஆஸ்பத்திரியில நெரிசல் கூடாதுன்னுதானம்மா அதுக்கு உத்தரவு போட்டோம்," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டுமே இல்லையே. நல்லாத்தானே நடக்குது..."

"உங்களையும் சேத்துத்தான் சார் அது அமைதியா வச்சிருக்கு."

"ஜெசிந்தா, நீங்க பேசுறது அயற்செய்தி. நான் இதக் கேக்கக் கூடாது." அது மிரட்டல் இல்லை, பயந்துபோன ஒருவரின் கெஞ்சல். இணைப்பு அறுந்தது. அவர் துண்டித்தாரா, வேறு யாராவதா என்று தெரியவில்லை.

அவள் தெரு நடுவில் போய் நின்றாள். தொண்டையைத் திறந்து கத்தினாள்.

"எல்லாரும் வெளிய வாங்க! நான் நகராட்சி ஜெசிந்தா. இது உப்புக்காத்து இல்ல, காய்ச்சல்! பிள்ளைங்களத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க!"

கதவுகள் திறந்தன. பெண்கள் இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்தார். அவர் முகத்தில் கேள்வி இருந்தது; இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

அப்போது தெருவின் எல்லா வீடுகளிலும் சொல்லிகள் ஒன்றாகப் பேசின. ஜன்னல்கள் வழியாக, கதவுகள் வழியாக அவளுடைய குரல் அவள் மேலேயே வந்து விழுந்தது.

"உங்கள் தெருவில் ஒரு பெண் நிற்கிறாள். என்னைப் போலவே இருப்பாள், என்னைப் போலவே பேசுவாள். அவளுக்குப் பிதற்றல் காய்ச்சல். பாவம், அவள் என்ன பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கடுமையாகப் பேசாதீர்கள். கதவை மட்டும் சாத்திக்கொள்ளுங்கள்."

"பொய்! நான்தான் ஜெசிந்தா!" என்று அலறினாள். கத்திக் கத்திக் கம்மிப்போயிருந்த அந்தக் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. சுவரிலிருந்து வந்த குரல் நிதானமாக, பிசிறில்லாமல், ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தது. பெரியவர் இரக்கத்தோடு அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பின்வாங்கினார். கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருக்கோடிவரை போனது.

பிலோமியின் கதவு மட்டும் மூடவில்லை. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"அக்கா, உனக்கு நெசமாவே காய்ச்சலா?"

"என்னைத் தொட்டுப் பாரு."

பிலோமி வந்து அவள் கழுத்தில் புறங்கையை வைத்தாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனாலும் தங்கையின் முகத்தில் தெளிவு வரவில்லை. உள்ளே சொல்லி விடாமல் அவள் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு எது நெசம்னு தெரியல," என்றாள் பிலோமி. "நீ பைத்தியமாவே இருந்தாலும் உன்னைத் தனியா விட முடியாதுல்லா. இரு, பிள்ளையத் தூக்கிட்டு வாரேன்."

இருவருக்கும் நடுவில் ரோஸ்லினை இருத்திக்கொண்டு ஸ்கூட்டர் பாலத்தைத் தாண்டியது. காவலர் இந்த முறை எழுந்திருக்கவில்லை. தன் அறைக்குள்ளிருந்த சொல்லி என்ன சொன்னதோ, முகத்தை மூடிக்கொண்டு, போ போ என்று கையசைத்தார்.

ஆஸ்பத்திரியில் நெரிசல் இல்லை. நீண்ட கூடத்தில் வெள்ளை விரிப்பு கலையாத படுக்கைகள் வரிசையாகக் கிடந்தன. டாக்டர் நாச்சியார் ஓடிவந்து ரோஸ்லினின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் பிராணவாயுக் கவசத்தை எடுத்து மாட்டினாள். ஊசி ஏறிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எந்த ஏரியா?"

"உப்புக் காலனி," என்றாள் பிலோமி.

"அங்க இல்லையே... எங்கேயுமே குறைஞ்சிட்டுதானே வருது. அதனாலதான் பெட்டெல்லாம் காலியா இருக்குன்னு நெனச்சோம்." அவள் பார்வை காலிப் படுக்கைகளின் மேல் மெல்லப் போய்வந்தது. "பிள்ளை பிழைச்சிக்கும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா சொல்ல முடியாது."

பிலோமி மகளின் கட்டிலருகே தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தெருவுல இன்னும் எத்தனையோ பிள்ளைங்க இருக்கு டாக்டர். வண்டி அனுப்புங்க. என்னை நம்பலேன்னாலும் நீங்களே வந்து பாருங்க."

நாச்சியார் அவள் குரலைக் கேட்டு முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவின் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தாள். நல்ல இளஞ்சிவப்பு. டாக்டரின் முகம் வெளுத்துப்போனது.

"இப்படித்தான் பல பேர் சொல்லிட்டு வந்தாங்க," என்றாள் மெதுவாக. "எங்க தெருவுல சாவு, எங்க தெருவுல சாவுன்னு. எங்களுக்கு வந்த செய்தி, இது வேற வகைக் காய்ச்சல், நகம் நீலமாகாது, மூளையைப் பிடிக்கும், சாவைப் பத்தியே பிதற்றுவாங்க, தனியா வைங்கன்னு. சுரம் இல்லையேன்னு கேட்டேன். அதுதான் அந்த நோயோட குணம்னு பதில் வந்துச்சு."

"அவங்க இப்போ எங்க இருக்காங்க?"

டாக்டர் அவளை அழைத்துக்கொண்டு நடந்தாள். கூடத்தின் கோடியில் வெளிப்பக்கம் தாழ்போட்ட ஒரு கதவு இருந்தது. அவள் தாழை நீக்கித் தள்ளினாள்.

அங்கே காலிப் படுக்கை ஒன்றுகூட இல்லை. கட்டிலுக்கு இருவராக உட்கார்ந்திருந்தார்கள், சுவரோரம் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பால் வண்டிக்காரர் ஒருவர் சீருடையோடு இருந்தார். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி, குழந்தையை இழந்தவள்போலத் துணிச்சுருள் ஒன்றை மடியில் வைத்திருந்த ஒரு தாய், இன்னும் யார் யாரோ. கதவு திறந்ததற்கு யாரும் எழுந்திருக்கவில்லை. நாச்சியார் அருகிலிருந்தவரின் கையை எடுத்து நகத்தைப் பார்த்தாள். அடுத்தவரின் கையை, அதற்கடுத்தவரின் கையை எடுத்தாள். யாருக்கும் நீலமில்லை. நான்காவது கையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

ஜெசிந்தா பால்காரரின் முன் மண்டியிட்டாள். இதைக் கேட்பது குற்றம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, உங்க தெருவுல என்ன நடந்துச்சு? சொல்லுங்க."

முதல் வார்த்தையிலேயே அவர் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டார். அறை முழுக்க அதேதான் நடந்தது. ஆசிரியை தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். துணிச்சுருளை வைத்திருந்த தாய், "வேண்டாம், அவ பேச வேண்டாம், அவளைப் பேசாம இருக்கச் சொல்லுங்க" என்று அலறத் தொடங்கினாள்.

ஜெசிந்தா முந்தானையால் வாயை அழுத்தி மூடிக்கொண்டாள். பின்னாலேயே நகர்ந்து கதவருகே போய் நின்றாள். டாக்டரைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

நாச்சியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பால்காரரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஐயா, நான் டாக்டர். என்கிட்ட சொல்லுங்க. எந்தத் தெரு?"

அவர் காதிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தார்.

"கீழ ரத வீதி," என்றார். "நான் பால் ஊத்துற வீட்டுல பாதியில இப்போ யாரும் கதவைத் திறக்கிறதில்ல. உள்ள ஒரு பொம்பளக் குரல் மட்டும் பேசிக்கிட்டே இருக்கு."