உள்ளிருந்து பூசிய சுவர்

சொன்னபடியே காலை பத்து மணிக்குக் இறந்துபோன அவள் கணவனின் அண்ணன் கொத்தனாரோடு வந்து இறங்கினார். வீட்டை இடிப்பதை எந்தச் சுவரில் தொடங்கலாம் என்று பார்க்கத்தான்.

"மூணு மாசம் டைம் கொடுத்தாச்சு. இன்னும் பெட்டி கட்டலையா?"

"கட்ட மாட்டேன் மாமா. அவர் போயிட்டா நானும் போகணும்னு எங்க எழுதியிருக்கு?"

அந்தப் பண்ணை வீடு ஒரே மூச்சில் எழுந்ததல்ல. முதலில் தானிய அறை: தட்டைச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. அடுத்து வந்தவர்கள் சமையலறையை ஒட்டவைத்தார்கள். பிறகு மாட்டுக்கொட்டில், பரண். தானிய அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் மட்டும் சுவர் ஆறடி கனம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

கொத்தனார் அதைத் தட்டினார். டொக். டொக்.

டொம்.

மேல்பூச்சைச் சுரண்டி ஒரு கல்லைப் பெயர்த்தார். ஈரச் சுண்ணாம்பு வாசனை குப்பென்று அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயா, இது ஒரு வாசல். அடைச்சவங்க உள்ள நின்னு அடைச்சிருக்காங்க. வெளிப்பூச்சு பின்னால யாரோ பூசினது; அதுக்கு அடியில சாந்து பிதுங்கிக் கிடக்கு, அடைச்சப்போ பூசின பூச்செல்லாம் உள்பக்கம்."

"அப்புறம் எப்படி வெளிய வந்தான்?"

"வரலைங்க."

அவளுக்கு ஒரு பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. இந்தக் குடும்பத்தில் ஒருத்தியைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். முதல் தலைமுறையில் புருஷனை இழந்தவள். வீட்டை விட்டுப் போ என்றார்கள். மறுநாள் அவள் இல்லை. 'ஓடிப்போனவ' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மூன்று மாதமாகச் சமையலறையில் கேட்ட சுரண்டல் எலியுடையதல்ல.

கொத்தனார் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். "நாளைக்கு வேற ஆளோட வரேன்," என்று உறுமிவிட்டு அண்ணனும் போனார்.

அவள் துவாரத்தின் அருகே உட்கார்ந்தாள்.

"நீங்க போகவே இல்லையா?"

உள்ளே சுரண்டல் நின்றது. துவாரம் வழியாகப் பூச்சுக் கரண்டி ஒன்று மெல்ல நீண்டது. கைப்பிடி அவள் பக்கம். நுனியில் ஈரச் சாந்து.

நீயும் உள்ளே வா என்கிறாள்.

கரண்டியை அவள் வாங்கிக்கொண்டாள்.

"அடைச்சுக்கிட்டு இருக்க என்னால முடியாது. வாசலைத் திறந்து வச்சுட்டுத்தான் இங்க இருப்பேன். நீங்க வெளிய வாங்க."

அந்தக் கரண்டியாலேயே அடுத்த கல்லை நெம்பினாள். பொழுது சாய்வதற்குள் ஆள் நுழையும் வழி ஆயிற்று. உள்ளே எலும்பில்லை, துணியில்லை. நாலு சுவரிலும் விரல் தடங்கள் மட்டும்.

ஈரமாக.

மறுநாள் காலை அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்தார். திறந்திருந்த வீட்டு வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். பார்வை அவள்மேல் இல்லை. அவளுக்குச் சற்றுப் பின்னால் இருந்தது.

"யாரும்மா... அது?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வீட்டுக்காரங்க," என்றாள்.

அவள் தோளில் ஒரு கை பதிந்தது. சுண்ணாம்பு ரவிக்கையில் ஊறியது.