கிழவன் போட்ட கோடு

ஊரில் அவளைக் கறைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சோபா, மெத்தை, கம்பளம் எதில் என்ன கொட்டியிருந்தாலும் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். “மனசுல இருக்கிற கறையை மட்டும் என்கிட்ட கொண்டுவராதீங்க, அதுக்கு மெஷின் இல்ல” என்று சொல்லிச் சிரிப்பாள்.

டீச்சர் வீட்டுக்கு அவள் போனது நல்ல வெயிலில். மெஷினை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதும் கண் இருண்டது. கூடத்தில் அவ்வளவு மங்கல். அடுத்த மூச்சில் நாற்றம் ஏறியது. நாய் மூத்திரம் புதிதாக இருந்தால் மூக்கைத்தான் சுளிக்க வைக்கும். பழசாகி, கம்பளத்தின் அடிவரை இறங்கி ஊறியது கண்ணையே கரிக்கும்.

“இந்த நாத்தத்துக்கே ரெண்டு நர்ஸம்மா ஓடிட்டாங்க” என்றார் டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தூக்கம் கண்டு பல நாளான முகம். “நான் ஒருத்தியா எப்படிம்மா இவரைத் தூக்கிப் புரட்டுறது? என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. எப்படியாவது இதை எடுத்துக் குடு.”

கூடத்தின் சுவரோரம் கட்டில். அதில் அவர் கணவர் கிடந்தார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் கொஞ்சம் அசையும்.

பழைய கறை வெறுங்கண்ணுக்கு முழுதாகத் தெரியாது. கறைக்காரி திரைச்சீலைகளை இழுத்து மூடி, ஊதா விளக்கை எடுத்துத் தரையில் அடித்தாள். நாய்க் கறை அந்த வெளிச்சத்தில் மஞ்சளாக மினுங்கும். பெரும்பாலும் மூலையில், நாற்காலிக் காலடியில், கதவோரத்தில் திட்டுத்திட்டாக இருக்கும்.

இங்கே ஒரு திட்டுகூட இல்லை.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தொடங்கி, கட்டிலைச் சுற்றி வளைந்து, கால்மாட்டுச் சுவரில் போய் முடிந்தது ஒரே கோடு. நடுவில் விரல் நுழையக்கூட இடைவெளி இல்லை.

“எத்தனை நாய் வச்சிருந்தீங்க டீச்சர்?”

“ஒண்ணுதான். குட்டியிலேயே மூஞ்சி நரைச்சிருக்கும், அதனால கிழவன்னு கூப்பிடுவோம். வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விட்டதில்ல அவன். இவர் அந்தப் பின்னறையில விழுந்து, கட்டிலை இங்க கொண்டாந்து போட்டோம் பாரு, அன்னைக்கு ஆரம்பிச்சான். கழுவக் கழுவ அதே இடம்.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “அடிச்சேன்மா. அடியை வாங்கிக்கிட்டே போவான். கடைசில அதுமேலேயே படுத்துச் செத்தான்.”

பின்னறைக் கதவு எதிரே சாத்தியிருந்தது. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. காத்துல திறந்து திறந்து அடிச்சுக்குது, அதான்.”

கறைக்காரி மண்டியிட்டு மருந்தைத் தெளிக்கத் தொடங்கினாள். கறையின் வேரையே தின்றுவிடுகிற மருந்து அது. தின்றுவிட்டால் மோப்ப நாய்க்குக்கூட மிச்சம் இருக்காது. கட்டிலருகே வந்தபோது அவள் தோளை ஏதோ பிடித்தது. கணவரின் இடது கை. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“வே... வே...” என்றார். கண் பிதுங்கியிருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தது.

“ஐயாவுக்கு என்னமோ வேணுமாம் டீச்சர்.”

“புது ஆளுங்களைக் கண்டா அப்படித்தான். நீ வேலையைப் பாரு.”

டீச்சர் விரல் விரலாகப் பிரித்து அந்தக் கையை எடுத்துவிட்டார். கறைக்காரிக்கு ஒரு கணம் மனம் கேட்கவில்லை. ஆனால் டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு ஒரு வேளைத் தூக்கமாவது கிடைக்கட்டும் என்று மெஷினைப் போட்டாள்.

மருந்து ஊறி, பழுப்புத் தண்ணீராக மெஷினின் தொட்டிக்குள் ஏறியது. நீளமாக இருந்த கோடு சாணானது. சாண் விரற்கடையானது. கட்டிலில் அவர் ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே இருந்தார்.

கடைசித் துளியும் ஏறியது. மெஷினை அணைத்தாள்.

நாற்றம் இல்லை. டீச்சர் ஆழமாக மூச்சை இழுத்தார். அந்த முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

“அப்பாடா... நீ நல்லா இருப்பம்மா.”

பின்னறைத் தாழ்ப்பாள் விலகியது.

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. கதவு மெதுவாகத் திறந்துகொண்டது. உள்ளே வெறும் அறை. அதிலிருந்து ஒரு குளிர்ச்சி வந்தது, ரொம்ப நாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல.

ஈரக் கம்பளத்தில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு பாதத்தின் அளவுக்கு இழைகள் அமுங்கின.

சளக்.

இன்னொரு பாதம்.

சளக்.

நடை நேராகக் கட்டிலை நோக்கி வந்தது. கோடு இருந்த இடத்தில் நின்றது. அங்கே நின்றே பழகியதுபோல நின்றது. பிறகு கட்டைவிரல் மட்டும் முன்னால் அமுங்கியது. தண்ணீர் சூடா என்று காலால் தொட்டுப் பார்ப்பதுபோல.

கறைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. கிழவன் போட்டது வேலி. அடி வாங்கி, சாகிற வரைக்கும் காவல் இருந்து போட்ட வேலி. அதைத் தன் கையாலேயே அவள் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

தொட்டியைக் கழற்றினாள். பழுப்புத் தண்ணீரை அப்படியே அந்த வளைவின்மீது ஊற்றினாள்.

“ஐயோ, என்னடி பண்ற! பைத்தியமா உனக்கு?” டீச்சர் கத்தினார்.

“தள்ளிப் போங்க டீச்சர்! ஐயாவைப் பிடிச்சுக்குங்க!”

மருந்து தன் வேலையை முடித்திருந்தது. அந்தத் தண்ணீரில் கிழவனின் வாடை துளியும் இல்லை.

பாதம் கோட்டைத் தாண்டியது.

மெத்தையின் ஓரம் அமுங்கியது, யாரோ உட்கார்ந்ததுபோல. கணவரின் கத்தல் பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. கண்ணோரம் ஒரு சொட்டு நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. டீச்சர் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். “என்னங்க... என்னங்க, இங்க பாருங்க...”

அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது முறையாகப் பக்கவாதம் வந்து உயிர் போயிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். டீச்சர் அதை நம்பினார். ஈரத்தில் அமுங்கியதெல்லாம் மெஷின் சக்கரம் பட்டது என்றார். கறைக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

“இந்த வீடு வேணாம் டீச்சர். என் வீட்டுக்கு வந்துடுங்க. ஒரு ரூம் இருக்கு.”

“அவர் வாழ்ந்த வீடும்மா. எங்க போகச் சொல்ற?”

கறைக்காரி அடிக்கடி போன் செய்வாள். டீச்சர் எடுக்கமாட்டார். ஒருநாள், வேறொரு வீட்டில் அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு தெளிவு.

“இப்பல்லாம் நல்லாத் தூங்குறேன்மா. அவர் வந்து பக்கத்துல படுத்துக்கிறார். பேச்சும் திரும்பிடுச்சு.”

கறைக்காரி மெஷினை நிறுத்தினாள். “டீச்சர்... அது ஐயாவோட குரல்தானா?”

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

“குரல் கொஞ்சம் மாறித்தான் போச்சு” என்றார் டீச்சர். “நேத்து உன் பேரைக் கேட்டார். கதவைத் திறந்துவிட்ட பொண்ணு பேரு என்னன்னு. சொல்லிட்டேன்.”

இணைப்பு அறுந்தது.

அது வெயில் நிறைந்த, சன்னல் எல்லாம் திறந்து கிடந்த வீடு. அடுக்களையில் அந்த வீட்டுக்காரர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கறைக்காரி மெஷினை முழு வேகத்தில் போட்டாள். சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். வேறு எதுவும் காதில் விழாதபடி அந்த இரைச்சல் போதும் என்று நினைத்தாள்.

இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள்.

மெதுவாக, எழுத்து எழுத்தாக, சொல்லிப் பழகுவதுபோல.