மச்சினன் பிடித்த கயிறு

காற்றின் விலை பதினெட்டு டாலர்.

தெருவெல்லாம் சும்மா கிடக்கிற சரக்குதான். அதை அமுக்கி ஓர் உருளையில் அடைத்து, வாய்க்கு ஒரு குழாயும் மாட்டிவிட்டால் பதினெட்டு டாலர்! தென் ஆஸ்திரேலியாவின் அந்தக் கடலோரச் சிற்றூரில், முக்குளிப்புச் சாமான் கடையின் வாசலில் நின்று மொகுதூம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். காயல்பட்டினத்துக் கல் வியாபாரி. ஓப்பல் என்னும் ரத்தினக் கல் வாங்க வந்து இந்த நாட்டிலேயே தங்கிவிட்டவன். எமன் வந்தாலும் தவணை கேட்கக்கூடிய ஆள்.

"ஒரு பைசா குறைக்க மாட்டானாம்" என்று திரும்பி வந்தான். "முழுசா அடைச்சிருக்கானான்னு நாம எப்படிவே பாக்குறது? தராசுலயா நிறுக்க முடியும்?"

கூட வந்த இருவரும் சிரிக்கவில்லை. போன வருஷம் இதே கடையில் உருளை வாங்கிய லெயோன் கரைக்குத் திரும்பவில்லை. செலஸ்தீன் அவன் மனைவி. அவளுக்கு நாலடி தள்ளி, முகம் பார்க்காமல் நின்றவன் அவளுடைய தம்பி கஸ்பார்.

தூத்துக்குடிக் கடலில் முத்தும் சங்கும் குளித்தவர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கீழே போகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவனுடைய மனைவியின் சகோதரனாகத்தான் இருக்க வேண்டும். அக்காவின் தாலியைத் தம்பி கைவிடுவானா? அண்ணன் தம்பிகூட சொத்துக்கு ஆசைப்படலாம். மச்சினன் கயிறு நழுவாது. காப்பீட்டுக் கம்பெனிகள் பிறக்கும் முன்னே கடற்கரை கண்டுபிடித்த காப்பீடு இது.

லெயோன் கடற்சிங்கங்களைப் படம்பிடிக்க வந்தவன். முதுகில் உருளை கட்டி முக்குளிக்கிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டுவதில்லை. ஆனால் சங்குகுளிக் குடும்பம் இல்லையா? லெயோன் கட்டினான், கஸ்பார் படகில் நின்று பிடித்தான். மூன்று முறை இழுத்தால் ஆபத்து, உடனே தூக்கு! அதுதான் பேச்சு. கீழிருந்து இழுப்பு வந்தது. கஸ்பார் உயிரைக் கொடுத்துத் தூக்கினான். வெறும் கயிறு வந்தது. நுனி கத்தியால் சீவியதுபோல் அறுந்திருந்தது.

போலீஸ் முக்குளிப்பாளர்கள் அங்கிருந்த கடலடிக் குகைக்குள் தேடினார்கள். காலி உருளை ஒன்று கிடைத்தது. "நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும்" என்று இரண்டாம் நாள் மாலை தேடலை முடித்துக்கொண்டார்கள்.

தூத்துக்குடியில் ஊர் மட்டும் முடிக்கவில்லை. கத்தி யார் கையில் இருந்தது? செலஸ்தீன் தம்பியிடம் ஒரே கேள்வி கேட்டாள்: "கயித்த ஏம்லே அறுத்த?" அதற்குப் பிறகு பேச்சில்லை. ஒரு வருஷம் கழித்து அவளே கூப்பிட்டனுப்பினாள்: "அவரு கேமரா அங்கனதான் கெடக்கும். வந்து தேடு. அதுல என்ன இருக்கோ, அதுதான் தீர்ப்பு."

படகு கிளம்பியது. தெற்கேயிருந்து வந்த காற்றில் பல் கிட்டியது. பாறைத் தீவை நெருங்கியதும் படகோட்டி கிரேக் இயந்திரத்தை அணைத்தான்.

"குட்டிகள் விளையாடும். பயமில்லை. கிழட்டு ஆண் ஒன்று இருக்கிறது. அது வாயிலிருந்து குமிழி விட்டால் விலகிவிடுங்கள். அது எச்சரிக்கை" என்றான்.

"எத்தனை எச்சரிக்கை குடுக்கும்?" என்று கேட்டான் மொகுதூம்.

"ஒன்று."

"நம்ம ஊர் வட்டிக்கடைக்காரனவிட மோசம்!"

செலஸ்தீனும் கஸ்பாரும் குதித்தார்கள். இடுப்பில் கயிறு இல்லை. அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

பச்சைத் தண்ணீருக்குள் ஐந்தாறு உருவங்கள் அம்புபோல் பாய்ந்து வந்தன. கடற்சிங்கக் குட்டிகள்! முகத்துக்கு நேரே வந்து, மோதப்போகிற கணத்தில் திரும்பின. தலைகீழாய்த் தொங்கி, பெரிய கறுப்புக் கண்களால் உற்றுப் பார்த்தன. ஒன்று கஸ்பாரின் துடுப்புச் செருப்பைக் கவ்வி இழுத்தது. இன்னொன்று நீர்ப்பாசியைக் கடித்துக்கொண்டு வந்து, 'பிடி பார்க்கலாம்' என்பதுபோல் ஆட்டியது. செலஸ்தீனும் படக்காரிதான்; லெயோனிடம் கற்றவள். அவள் கை தானாகக் கேமராவைத் தூக்கியது. பளிச்! பளிச்!

சற்றே வளர்ந்த குட்டி ஒன்று அவள் கேமரா முன்னால் வந்து நின்றது. அதன் கழுத்தைச் சுற்றி மோதிரம்போல் ஒரு வடு. மயிர் முளைக்காத, ஆறிய வடு. கயிறு இறுக்கிய தடம்.

அவள் கேமராவை இறக்கினாள். அந்தக் குட்டியோ திரும்பிக் குகைக்குள் போயிற்று. இருவரும் பின்தொடர்ந்தார்கள். விளக்கொளியில் குகையின் கடைசிச் சுவர் தெரிந்தது. அடியில் ஒரு பிளவு. முதுகில் உருளையோடு மனிதன் நுழைய முடியாது. குட்டி நுழைந்தது. காத்திருந்தார்கள். வெகுநேரமாகியும் அது திரும்பி வரவில்லை.

கஸ்பார் மேலே சுட்டினான். ஏறினார்கள். தலை தண்ணீருக்கு மேல் வந்ததும் ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் அக்காவிடம் வாய்திறந்தான்.

"யக்கா, அதுவும் மூச்சு விடுத பிராணிதான? இம்புட்டு நேரம் வராம இருக்குன்னா, அந்தப் பக்கம் காத்து இருக்கு!"

"போலீஸு பாக்கலியா?"

"உருளையோட நுழைய முடியாதுன்னு திரும்பியிருப்பான். நான் உருளையக் கழத்தி ஒங்கிட்ட தாரேன். ஒத்த மூச்சுல போயிருவேன்."

செலஸ்தீன் அவனை முதன்முறையாக நேராகப் பார்த்தாள். "கேட்டுக்க. அடியில உருளைக் காத்த இழுத்துட்டு, சங்கு குளிக்கமாதிரி மூச்ச அடக்கிக்கிட்டே மேல ஏறிராத. காத்து விரியும், நெஞ்சு வெடிச்சிரும். ஏறுறப்ப விட்டுக்கிட்டே ஏறணும். வெளங்குதா?"

"வெளங்குது."

படகிலிருந்து மொகுதூம் கத்தினான். "ரெண்டு பேரும் பேசுறியளா? அல்ஹம்துலில்லா! சண்டையாச்சும் போடுங்க, நான் இங்க குளிர்ல செத்துக்கிட்டிருக்கேன்!"

மறுபடி இறங்கினார்கள். பிளவின் வாயில் கஸ்பார் உருளையைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தான். கடைசியாக ஒரு நீண்ட மூச்சு. நுழைந்தான்.

பாறை தோளைச் சிராய்த்தது. இடது கை முன்னால். வலது கையில் விளக்கு. வளைவு. இன்னொரு வளைவு. நெஞ்சு முட்டியது. பிளவு மேல்நோக்கித் திரும்பியது. ஏறத் தொடங்கியதும் பத்து வயதிலிருந்து பழகிய உடம்பு மூச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சங்குகுளிக்காரனுக்கு மூச்சுதான் கைமுதல், அதை விடுவானா? நெஞ்சுக்குள் ஏதோ உப்பி விரிந்தது. 'விடு!' அக்காவின் குரல் மண்டைக்குள் கேட்டது. விட்டான். குமிழிகள் முகத்தை மறைத்தன. இருக்கிறதைச் செலவழித்தால்தான் பிழைப்பு என்கிற வியாபாரம் அன்றுதான் அவனுக்குப் பிடிபட்டது.

தலை தண்ணீரை உடைத்து வெளியே வந்தது. காற்று! நாற்றமடித்த, குளிர்ந்த காற்று. பாறையின் உச்சியில் நூல்போல் ஒரு விரிசல் வெளிச்சம் காட்டியது. வடுக் கழுத்துக் குட்டி ஒரு மேட்டில் படுத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் குரைத்தது.

அதற்கு அருகில் ஒரு கறுப்பு நீச்சல் உடை, பாறையில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் இருந்தது. அதற்குள் என்ன மிச்சமிருந்தது என்று கஸ்பார் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில், தண்ணீர் எட்டாத மேட்டில், தண்ணீர் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கேமரா. அதன்மேல் ஒரு கயிற்று வளையம்.

"மச்சான்" என்றான் கஸ்பார். குகை அதையே திருப்பிச் சொன்னது. கேமராப் பெட்டியை இடுக்கிக்கொண்டு, மூச்சிழுத்து இறங்கினான்.

திரும்பும்போது வழியை மறித்தது கிழட்டு ஆண். பிளவுக்கு வெளியே, செலஸ்தீனுக்கும் குகை வாயிலுக்கும் நடுவில் ஒரு சுவர்போல் நின்றது. வாயிலிருந்து குமிழிகள் கொப்பளித்தன. ஒரே எச்சரிக்கை! அவள் நகர்ந்தால் தம்பிக்கு மூச்சில்லை. நகரவில்லை. உருளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினாள். பிளவிலிருந்து ஒரு கை நீண்டு தலையும் தெரிந்ததும் குழாயைத் தம்பியின் வாயில் திணித்தாள். வடுக் கழுத்துக் குட்டி அவன் பின்னாலேயே வெளியே பாய்ந்து கிழவனின் மூக்கை இடித்துவிட்டு ஓடியது. கிழவன் கோபத்தோடு அதைத் துரத்திப் போயிற்று.

படகில் ஏறியதும் செலஸ்தீன் கேமராப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. நினைவக அட்டையைத் தன் கேமராவில் போட்டாள். மொகுதூம் இருவர்மேலும் கம்பளியைப் போர்த்தினான்.

முதல் படங்களில் குட்டிகள் கயிற்றைக் கவ்வி இழுத்து விளையாடின. ஆபத்து இழுப்பு இழுத்தது அவைதான். அடுத்ததில் ஒரு குட்டியின் கழுத்தில் கயிறு சுருக்காக விழுந்திருந்தது. மேலே கஸ்பார் பாசத்தோடு இழுக்க இழுக்க, சுருக்கு இறுகிக் குட்டியின் நாக்கு தள்ளியிருந்தது. அடுத்த படத்தில் லெயோனின் இடது கையும், அதில் கத்தியும். கயிறு பாதி அறுந்திருந்தது. அப்புறம் வெறும் கலங்கல்.

"நான் அறுக்கலக்கா" என்றான் கஸ்பார்.

"இல்லலே. நீ அறுக்கல." அவள் அவன் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "நாந்தான் ஒன்னைய அறுத்துப் போட்டுட்டேன்."

கஸ்பார் அழுது முடித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "உருளை தீந்துபோயி, வழி தெரியாம, குட்டி போன பக்கமே போயிருக்காரு. அங்கன காத்து இருந்திச்சிக்கா. எவ்வளவு நேரம் உசுரோட இருந்திருப்பாரு? நான் மேலதான நின்னேன்."

செலஸ்தீன் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். இருட்டு. பளிச்சென்ற வெளிச்சத்தில் குட்டியின் முகம். கழுத்துக் கயிறு கழன்றிருந்தது. மறுபடி இருட்டு. விரிசலைப் பார்த்து விட்ட வெளிச்சம், யாராவது காண மாட்டார்களா என்று. மறுபடி குட்டி, இம்முறை லெயோனின் மடியில் தலைவைத்துத் தூங்கியது. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதியும் நேரமும் இருந்தன. கடைசிப் படம் மூன்றாம் நாள் விடியலில் எடுத்தது. தேடலை முடித்துக்கொண்டு எல்லாரும் கரையேறிய பிறகு.

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரந்தான்லே" என்றாள். "அன்னைக்கே முடிஞ்சிருக்கு."

அவள் தோளுக்குப் பின்னால் நின்ற மொகுதூம் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். கல் வியாபாரிக்குக் கண்தான் தொழில். "ஆமாவே" என்றான். "நானும் பாத்தேன்."

கிரேக் கரைக்குத் தகவல் சொன்னான். மறுநாள் போலீஸார் லெயோனை வெளியே கொண்டுவந்தார்கள். உடல் ஊர் வந்து சேர்ந்த அன்று தூத்துக்குடியில் மாதா கோயில் மணி அடித்தது. சவப்பெட்டியின் முன்கொம்பைக் கஸ்பார் தூக்கினான், ஊர் விலகி வழிவிட்டது.

கணக்கு இவ்வளவுதான். கயிற்றை அறுத்த பழி கஸ்பார் பெயரிலிருந்து கழிந்தது. லெயோனுக்குச் சொந்த மண்ணில் ஆறடி வரவு. தெற்குக் கடலில் ஒரு குட்டி உயிரோடு வரவு. இரண்டு இரவும் ஒரு பகலும் மட்டும் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. அவை செலஸ்தீன் பெயரில் நிலுவை.