லென்ஸ் ஆடுதா?

காலையிலிருந்தே இடது கண்ணில் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. காண்டாக்ட் லென்ஸ் மாட்டிவிடுவதே தொழில் என்றாலும், அவர் தன் கண்ணில் ஒருநாளும் லென்ஸ் போட்டதில்லை. தூசியாக இருக்கும் என்று தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தார்.

மத்தியானம் தங்கை வந்தாள். அவளுக்கு மிச்சமிருக்கும் வலது கண்ணுக்கும் லென்ஸை விட்டால் வேறு வழியில்லை. அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்வை போன இடது கண், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

"நான்தான் போட்டுக்கிட்டே தூங்கித் தொலைச்சேன், இல்லண்ணா?" என்றாள், வழக்கம்போல.

அவருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. இமைக்கும்போதெல்லாம் லென்ஸ் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் அதற்கு அடியில் பழைய கண்ணீர் போய்ப் புதுக் கண்ணீர் வரும். போன வருஷம், கடையில் கூட்டம் நெரிந்த ஒரு நாளில், அதைப் பார்க்காமலே "நல்லா ஆடுது, போ" என்று அவளை அனுப்பிவைத்தார். இறுகிப்போன லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்கி, கிருமி பிடித்து, கண்ணையே தின்றுவிட்டது. எல்லோரும் அவளைத் திட்டியபோது, வாய் கூசாமல் இவரும் சேர்ந்து திட்டினார்.

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

இருட்டறையில், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவிக்கு எதிரே அவளை உட்காரவைத்து, வலது கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, நீல விளக்கைப் போட்டார். மருந்து நெடி, விளக்கின் ரீங்காரம், மிக அருகில் அவள் மூச்சு; சாயம் கலந்த கண்ணீர் லென்ஸுக்கு அடியில் பச்சையாக ஒளிர்ந்து, ஒவ்வோர் இமைப்புக்கும் நகர்ந்து வழிந்தது. அப்பாடா என்றிருந்தது. பழக்கதோஷத்தில் கருவியை மற்றக் கண்ணுக்கு நகர்த்தினார்.

வெளுத்த கண்ணில் ஒரு பச்சை வட்டம்.

அதில் அவர் சாயமே தொடவில்லை. லென்ஸும் கிடையாது, ஆஸ்பத்திரியில் கழற்றியபோது பக்கத்திலேயே நின்றிருந்தார். அவள் இமைத்தாள். வட்டம் அசையவில்லை.

"ஆடுதாண்ணா?"

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு.

"நல்லா ஆடுதும்மா."

அதே வாய். அதே பொய்.

அவள் கண்ணில் வட்டம் அணைந்தது. அவருடைய இடது கண்ணில் சுருக்கென்றது. நீல டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன் போய் நின்றார். கருவிழி மேல் பச்சை வட்டம். அடியில் தேங்கிய கண்ணீர். விரலால் தள்ளினார். நகரவில்லை. இமைத்தார். நகரவில்லை.

கண்ணாடியில், பின்னால், தங்கை நாற்காலியை விட்டு எழவில்லை. முகம் கருவியிலேயே பதிந்திருந்தது. வெளுத்த கண் மட்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"ஆடுதாண்ணா?"