பத்து மணி வரைக்கும்

ஓடினாள்!

உப்பளத்து வரப்பில், வெறுங்காலோடு, முகத்தைச் சுற்றிய துண்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி...

பின்னால் கண்ணாயிரம். கையில் கத்தி.

காலை வெயிலில் உப்பளம் கண்ணைப் பறித்தது. உப்பு வாரும் பெண்கள் எல்லோருமே வெயிலுக்கு முகத்தை மூடியிருந்தார்கள். நீலச் சுடிதார் போட்டவள் ஒருத்திதான்.

நீலச் சுடிதார்தான் ரேணுகா. அப்படித்தான் அவனுக்குத் தகவல்.

மருந்துக் கம்பெனி மானேஜர் ரேணுகா. மட்டமான ஊசி மருந்தை ஆஸ்பத்திரிகளில் தள்ள, மாஜி மந்திரி காசிலிங்கத்திடம் பணப் பெட்டி கொடுத்ததே அவள் கைதான். பத்து நாளாய் இந்த உப்பளக் கொட்டகையில் ஒளிந்திருக்கிறாள். இன்று பத்து மணிக்குத் திண்டிவனம் மாஜிஸ்திரேட்டிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறாள்.

சொன்னால் காசிலிங்கம் உள்ளே!

சொல்ல விடாமல் செய்யத்தான் கண்ணாயிரம்.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. பத்து மணி வரைக்கும்... பத்து மணி வரைக்கும் பிழைத்திருந்தால் போதும்!

உப்புக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினாள்.

காலடிச் சத்தம் நின்றது.

"ரேணுகா மேடம்..." குரல் மிகப் பக்கத்தில், கொஞ்சலாய். "வெளிய வந்துடுங்க. சட்டுனு முடிச்சிடறேன். வலிக்காது."

கத்தி குவியலைக் கிழித்தது. உப்பு சரிந்தது.

பாய்ந்து ஓடினாள். வரப்பு வளைந்து திரும்பியது. வளைவில் மடக்கிவிடலாம் என்று அவன் குறுக்கே உப்புப் பாத்தியில் குதித்தான்... ஷூவோடு!

முந்தாநாள் மழையில் ஊறிய பாத்தி. மேலே வெள்ளை. அடியில் சேறு. உப்பளத்து ஆள் எவரும் அதில் கால் வைக்கமாட்டார்கள்.

முழங்கால் வரை இறங்கினான். கத்தி எகிறி மறைந்தது. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே...

சுற்றி வரப்பில் பெண்கள். கையில் உப்பு வாரும் பலகைகள். நீலச் சுடிதாரும் திரும்பி வந்து அவர்களோடு நின்றாள்.

மணி பத்து. போன் அடித்தது. காசிலிங்கம்.

"அண்ணே, அவ என் கண்ணு முன்னாடிதான் நிக்கிறா..."

"எவடா உன் முன்னாடி நிக்கிறா? ரேணுகா மாஜிஸ்திரேட் ரூமுக்குள்ள போயிட்டாளாம். இப்பதான் வக்கீல் சொல்றான்."

கண்ணாயிரம் நிமிர்ந்தான்.

அவள் துண்டை அவிழ்த்தாள். உப்பளக் கூலிக்காரி லூர்துமேரி!

"மேடம் விடிகாலையிலயே என் பொடவைய கட்டிக்கினு பஸ் ஏறிட்டாங்க" என்றாள். "அந்த ஊசி மருந்துலதான் என் வீட்டுக்காரர் போனாரு. அதான் அவங்க சுடிதார நான் மாட்டிக்கினேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு அவன் கால்களைப் பார்த்தாள்.

"போலீஸ் வர்ற வரைக்கும் ஆடாம நில்லுங்க சார். பாத்தி கெட்டுப் போவுது."