கடைசியாகச் சேமித்தவர்

மலைக் கிளைக்கு வண்டி வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது, மூடுபனி விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் அப்போதுதான் கடந்திருந்தது. ஆனாலும் அந்தச் சின்ன மருத்துவமனையின் வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சர்வரைப் பார்க்க வந்த இளைஞன், பையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஓடிப் படியேறினான்.

கதவைத் திறந்த நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன தம்பி, பைய நனைய விட்டுட்டீங்களே? உள்ள மிஷினெல்லாம் இருக்குமே."

"மிஷின் காஞ்சிடும்க்கா. எனக்குச் சளி பிடிச்சா யாரு பாக்குறது?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."

சிரித்துக்கொண்டே துண்டு எடுத்துக் கொடுத்தாள். தேநீர் போட்டாள். மறுநாள் காலை தன் வேலையையே பறிகொடுக்கப் போகிறவள், முன்பின் தெரியாத ஒருவனிடம் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவள் நிலை தெரிந்த பிறகு அந்தக் கேள்விதான் அவனை வெகுநேரம் உறுத்தியது.

நோயாளிகள் ஒருவரும் இல்லை. விசாரணை முடியும்வரை கிளையை மூடி வைத்திருந்தார்கள்.

"விஷயம் தெரிஞ்சுதான வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"சர்வர்ல எடம் நெறஞ்சு போச்சு, வேண்டாததக் காலி பண்ணிட்டு வான்னு நிர்வாகி அனுப்பினாரு. வேற ஒண்ணும் தெரியாதுக்கா."

நர்ஸ் தரையைப் பார்த்தபடி சொன்னாள். தையல்காரம்மா ஒருத்தி ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு வந்தாள். வலிக்கு ஊசி போட்டதும் முகம் வீங்கி மூச்சு திணறியது. எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள். எலும்பைச் சேர்த்துவைக்கக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, அந்த மருந்தை இவளுக்குத் தரவே கூடாது என்று நர்ஸ் அவளுடைய கோப்பில் எழுதினாள். அங்கே அதே ஊசியைப் போட்டார்கள். இரண்டாவது முறை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

"ஃபைல்ல அப்படி ஒரு வரியே இல்லைங்கிறாங்க தம்பி. நான் எழுதினேன். ஆனா தொறந்து பாத்தா இல்ல. இப்ப எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. நாளைக்கு என்னக் கூப்பிட்டு, ஒரு உயிரக் கொன்னவள்னு சொல்லப் போறாங்க."

"பேப்பர்ல எழுதிக் குடுத்து விடலியா?"

"பேப்பரே கூடாதுன்னு சேவ் ஐயா உத்தரவு."

இளைஞனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பட்டப்பெயர் அவனுக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் நிர்வாகி எந்தக் கோப்பையும் படிக்க மாட்டார். ஆனால் மாலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, சேமித்து, மூடுவார். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் தன் பெயர் இருந்தால், எல்லாவற்றையும் தான் மேற்பார்வை செய்ததாக ஆகுமாம்.

சிரிப்பு பாதியில் நின்றது.

எல்லாக் கிளைகளிலும் ஒரே கோப்புகளின் நகல் இருக்கும். ஒரு கிளையில் எழுதியது மற்றக் கிளைகளுக்குப் போய்ச் சேரும். ஆனால் மலைக்கு வந்த இணைப்பு நூலைப்போல் மெல்லியது. எக்ஸ்ரே படங்கள் வரிசையில் நின்றால், ஒரு சின்ன வரி கீழே இறங்கவே அரைநாள் ஆகும். அது போய்ச் சேர்வதற்குள் கீழே யாராவது பழைய நகலைத் திறந்து சேமித்துவிட்டால்? யார் கடைசியாகச் சேமித்தாரோ அவருடையதே நிற்கும். தோற்றுப்போனதைச் சர்வர், அதை எழுதிய கிளையிலேயே மறைவான ஒரு ஃபோல்டரில் ஒதுக்கிவிடும்.

அவனைக் காலி செய்யச் சொன்னது அந்த ஃபோல்டரைத்தான்.

சர்வர் அறை கூடத்தின் கடைசியில் இருந்தது. முன்பு எக்ஸ்ரே படம் கழுவிய இருட்டறை; ஜன்னல் இல்லை. கதவைத் திறந்ததும் ஈரத்துணியும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே டக டக டகவென்று ஓர் ஓசை. கொஞ்சம் ஓடி, நின்று, துணியைத் திருப்பிப் போட்டதுபோல் மறுபடியும் ஓடியது.

"டிஸ்க் சத்தம்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறைவு ஃபோல்டரைத் திறந்தான். நர்ஸ் எழுதிய கோப்பு அங்கே இருந்தது. அவள் வரியும் இருந்தது. அதைத் தோற்கடித்த நகலில் பழையதிலிருந்து ஓர் எழுத்துகூட மாறவில்லை. சேமித்தவர் பெயர் மட்டும் நிர்வாகியுடையது.

கைப்பேசி ஒலித்தது.

"முடிச்சிட்டியா?" நிர்வாகிதான்.

"ஐயா, இதுல நர்ஸ் எழுதினது இருக்கு."

நிர்வாகி குரலைத் தாழ்த்தினார்.

"உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதில்ல? வீட்டுல பொண்டாட்டி மாசமா இருக்கான்னு சொன்ன. நிரந்தர வேலை ஆர்டர் என் மேஜை மேலதான் கெடக்கு. அழிச்சிட்டு எறங்கி வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவன் கெட்டவன் அல்ல. ஆனாலும் மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. விரல் நீக்கும் பொத்தானை அழுத்திவிட்டது.

கோப்பு மறைந்தது.

டக டக ஓசை நின்றது.

கோப்பு திரும்ப வந்தது.

மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. இந்த முறை அது தானாகத் திறந்துகொண்டது. திரை முழுக்க ஒடிந்த கையின் எக்ஸ்ரே. விரலில் கழற்ற முடியாத மோதிரம், வெள்ளை வளையமாக. விரல்கள் விரிந்திருந்தன.

கண்ணை மூடித் திறந்தான்.

விரல்கள் மடங்கியிருந்தன.

அவனுடைய வலது மணிக்கட்டில் சில்லென்று ஏதோ பட்டது. நனைந்த விரல்கள். இறுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தன, சந்தையில் கைதவறிப் போகாமல் பிள்ளையைப் பிடிப்பதுபோல. இன்னொரு முறை அழித்தால் இறுக்கும் என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றான். "தப்புப் பண்ணிட்டேன்."

பிடி விட்டது.

அந்தக் கோப்பை எடுத்து, எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான ஃபோல்டரில் வைத்துச் சேமித்தான். இனி இதுதான் கடைசியாகச் சேமித்தது. அனுப்புவதைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல ஊர ஆரம்பித்தது.

கோடு நகர நகர, திரையில் இருந்த கையின் சுண்டுவிரல் மங்கியது.

பிறகு மோதிர விரல்.

நகல் போகும்போது மூலம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இது நகல் இல்லை. இங்கிருந்து கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். திரையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அவங்க கை. வீக்கத்துல மோதிரம் கழறல. சோப்புப் போட்டுப் பாத்தேன். வெட்டிடலாமான்னு கேட்டதுக்கு அழுதாங்க. இருந்துட்டுப் போகட்டும்மான்னு விட்டுட்டேன்."

"எங்க போறாங்கன்னு தெரியுதாக்கா?"

தெரிந்தது. அவள் உதடு முணுமுணுத்தது, பிரார்த்தனை.

இன்னும் துண்டிக்காத கைப்பேசியில் நிர்வாகி கத்தினார். "டேய், என்ன பண்ணித் தொலைச்ச? என் கம்ப்யூட்டர்ல என்னமோ மேலேர்ந்து வரஞ்சுக்கிட்டே வருது! நிறுத்துடா அத!"

எவ்வளவு கெட்டவராக இருந்தாலும் ஓர் உயிர். இளைஞன் பாய்ந்து சர்வரின் பின்னால் இருந்த இணைப்புக் கம்பியைப் பிடுங்கினான். கம்பி கையோடு வந்தது. சின்ன விளக்குகள் அணைந்தன.

பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது.

பாதி தாண்டிவிட்டது. திரையில் இப்போது கட்டைவிரலும் ஒடிந்த எலும்பும் மட்டும்.

நர்ஸ் கைப்பேசியை வாங்கினாள். நிதானமாகப் பேசினாள்.

"ஐயா, நான் மலைக் கிளை நர்ஸ் பேசறேன். தெரியாம நடந்தது தெரியாம நடந்ததுதான். அத அவங்க பொறுத்துப்பாங்க. நான் பண்ணேன்னு சொன்னீங்களே, அத மட்டும் இல்லன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதான் ஐயா. உங்களுக்காக நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

கோடு நின்றது.

அறையில் எந்த ஓசையும் இல்லை. கூடத்து விளக்கின் ரீங்காரம்கூட இல்லை. யாரோ தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது.

அந்தப் பக்கம் நிர்வாகி மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார். படத்தின் வளர்ச்சி அங்கேயும் நின்றிருக்க வேண்டும். தைரியம் வந்துவிட்டது.

"எனக்கே மிரட்டலா? எழுதாதது நீ. நாளைக்கும் அதத்தான் சொல்லுவேன். செத்தவ வந்து சாட்சி சொல்லப் போறாளா?"

"ஐயா, வேண்டாம்..."

கோடு ஒரே பாய்ச்சலில் முடிந்தது.

திரை வெறுமையானது.

கைப்பேசியில் டக டக டகவென்று ஓசை கேட்டது. ஓடியது, நின்றது, மறுபடியும் ஓடியது. அதற்குள்ளே ஒரு மனிதர் ஏதோ சொல்ல முயன்றார். "சொல்லிடறேன்" என்பதுபோல் இருந்தது. காலம் கடந்துவிட்டது. காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். அப்புறம் எதுவும் இல்லை.

மாரடைப்பு என்றுதான் எழுதினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது எப்படி என்று யாரும் எழுதவில்லை. விசாரணைக் குழு கோப்பைத் திறந்தபோது, எல்லாக் கிளைகளிலும் நர்ஸின் வரி இருந்தது. அவளை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்கள். அவள் அன்று மாலை இருவருக்காகவும் வேண்டிக்கொண்டதாக இளைஞனிடம் சொன்னாள்.

"அவருக்குமாக்கா?"

"அவருக்குத்தான் ரொம்பத் தேவை தம்பி."

அந்த வேண்டுதல் ஒருத்தியின் கோபத்தைத் தணித்திருக்கும் என்றே இளைஞன் நம்பினான். மலைக் கிளையின் பழைய சர்வரைக் கழற்றி எடுத்துவந்து, டிஸ்கைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டான். புதிய நிர்வாகி நல்லவர். அவனை வேலையில் நிரந்தரமாக்கினார். குழந்தை பிறந்தது. அவன் பயம் மெல்லக் குறைந்தது.

ஆற்றங்கரைக் கிளையில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் ஒருவர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நோயாளிகளின் கோப்புகளைப் படிக்காமலே வரிசையாகச் சேமித்து மூடிக்கொண்டிருந்தாராம். மறுநாள் கையில் கட்டோடு வந்தார். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். தன் கணினியைத் துணி போட்டு மூடச் சொன்னாராம்.

இளைஞன் தன் மேஜையிலிருந்து அந்த எழுத்தரின் சிகிச்சைக் கோப்பைத் திறக்கப் போனான். பட்டப்பகல். சுற்றிலும் ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கோப்பை வேறொருவர் திறந்திருக்கிறார் என்று அறிவிப்பு வந்தது. கிளை என்ற இடத்தில் மலைக் கிளை என்று இருந்தது. பெயர் என்ற இடம் காலியாக இருந்தது.

அவன் உடனே நர்ஸைக் கைப்பேசியில் அழைத்தான்.

"இல்லையே தம்பி, புது சர்வர் இன்னும் வரல. இங்க கம்ப்யூட்டரெல்லாம் அணைச்சுத்தான் கெடக்கு. ஏன், என்னாச்சு?"

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். அந்த மென்பொருளின் ஒவ்வொரு அறிவிப்பும் அவனுக்கு மனப்பாடம். இப்போது திரையில் வந்து நின்றது அவற்றில் எதுவும் இல்லை.

அவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். காத்திருக்கவும்.